அக்காவைத் தனியே விடாத கொட்டகை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. படத்துக்கு மாலை போட்டு, படையல் முடிந்து, பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களை நெடுநேரம் காக்கவைக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்காவைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு வராது. அவர் பேச்சை எடுத்துவிட்டால் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறவள் நான். தங்கை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் உறவில் ஒருவர் வீடு தேடி வந்தார். "எல்லாத்தையும் எழுதுங்க. அந்த ஒடம்பு சரியில்லாம இருந்துச்சே, அதை மட்டும் உட்டுடுங்க. பேரப்புள்ளைங்களுக்குப் பொண்ணு பாக்கற நேரம்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் உடம்பு என்று சொன்னது மனத்தை. மூத்த பிள்ளை பிறந்தபின் அக்காவுக்கு மனம் கலங்கிவிட்டது. பல மாதங்கள் தம்மை மறந்து இருந்தார். பிறகு தேறினார். இதை அக்கா யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாண வீடுகளில் காய் நறுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவரே இந்தக் கதையை எடுத்துவிட்டு, கூட இருக்கிறவர்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பார். அவர் சிரித்துச் சொன்னதை நான் மூடி மறைத்து எழுதினால் அவருக்கு என்மேல் கோபம்தான் வரும்.

அக்கா பிறந்தது அனந்தபுரத்தில். அப்பா அங்கே சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே பிழைப்புக்காகக் குடும்பம் திண்டிவனம் வந்துவிட்டது. அங்கே ஒரு மல்லாட்டை மண்டியில் அப்பாவுக்கு எடை போடும் வேலை. அம்மாவும், கொஞ்சம் வளர்ந்ததும் நாங்கள் இருவரும், அதே மண்டியின் கொட்டகையில் மல்லாட்டை உடைக்கப் போனோம். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்று படித்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் அக்காவின் சிரிப்பு தெருவில் பெயர்பெற்றது. வீட்டுக்குள் அவர் சிரித்தால் தெருமுனையில் கட்டியிருக்கும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். "பொண்ணு இப்படிச் சிரிச்சா எவன் கட்டிக்குவான்" என்று அம்மா கவலைப்பட்டார். விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாமா அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சம்மதித்தார் என்பது பிறகு தெரிந்தது. மாமா அதிகம் பேசாதவர். கொஞ்சம் நஞ்சை, ஓர் ஏர் மாடு, ஒரு வண்டி. அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். மாமியார் சிறு வயதிலேயே கணவரை இழந்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்லர். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டக்கூடும்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் நல்லபடியாக நடந்தது. ஆண் குழந்தை. மூன்றாம் மாதம் சீர் செய்து கோலியனூருக்கு அனுப்பிவைத்தோம். போன சில வாரங்களிலேயே அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. ஒருநாள் குழந்தையை வாய்க்கால் கரையில் படுக்கவைத்துவிட்டு, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் விழுப்புரம் சாலையில் நடந்திருக்கிறார். களை எடுக்கப் போன பெண்கள் குழந்தையை எடுத்துவந்து கொடுத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மாமியார் நடுங்கிப்போனார். மறுநாளே மாமாவோடு அக்காவைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டார். குழந்தையை அனுப்பவில்லை.

"மனசு தெளிஞ்சா வரட்டும். அதுவரைக்கும் புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று மாமா தரையைப் பார்த்தபடியே சொன்னார். அதைச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

எங்கள் வீட்டில் அதன்பிறகு எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினோம். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயில் வாங்கிக்கொள்வார், விழுங்க மறந்துவிடுவார். சட்டென்று எழுந்து, இரண்டு கையையும் பிள்ளை ஏந்துவதுபோல வைத்துக்கொண்டு வெளியே நடப்பார். தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், நாட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இதற்கிடையே, அறுவடை முடிந்ததும் மாமாவுக்கு வேறு பெண் பார்க்கப்போகிறார்கள் என்று கோலியனூரிலிருந்து பேச்சு வந்தது. அப்படி நடந்துவிட்டால் குழந்தை அக்காவுக்கு இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியுமா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா வந்து, இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு வைத்துக் குணப்படுத்தும் இடம் ஒன்று தமக்குத் தெரியும், ரயிலில் கூட்டிப்போகலாம் என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். எங்களோடு மல்லாட்டை உடைக்கிற அஞ்சலை அக்கா அன்று எதற்கோ வீட்டுக்கு வந்திருந்தார். அவர் யாரும் கேட்காமலே பேசுகிறவர்.

"ஏண்ணா, கட்டிப்போடத்தான்னா எங்க கொட்டாயிலயே மூட்டை கட்டற கயிறு கெடக்குது. அதுக்கு எதுக்கு ரயிலு சார்ஜி? பொண்ணை எங்ககூட அனுப்புங்க. கட்டவும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஒக்காந்துக்கினு இருக்கட்டும்."

"ஓடிப்போயிடுவாளே" என்றார் அம்மா.

"போனா நாங்களும் கூடப் போறோம். எங்களுக்கும் கால் மரத்துக் கெடக்குது."

இப்படித்தான் அக்கா மறுபடியும் கொட்டகைக்கு வந்தார். அந்தக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை மிஷினில் உடைத்துவிடலாம். விதைக்கு வேண்டியதைக் கையால்தான் உடைக்கவேண்டும், பருப்பின் மேல்தோல் கிழிந்தால் முளைக்காது. அதற்காக மண்டிக்குப் பின்னால் நீளமாக ஓர் ஓலைக் கொட்டகை. இருபுறமும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதலாளியின் மனைவியை எல்லோரும் மண்டியம்மா என்போம். நாங்கள் பருப்பைத் தின்றே மண்டியைக் காலி செய்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார். மல்லாட்டை உடைக்கிறபோது எல்லோரும் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாடுகிற வாய் தின்னாது அல்லவா? எந்த வாய் மூடியிருக்கிறதோ அது திருட்டு வாய்.

இந்தச் சட்டத்தை முறியடிக்கத்தான் அஞ்சலை அக்கா எதிர்ப்பாட்டு என்ற முறையைக் கொண்டுவந்தார். இந்த வரிசை ஓர் அடி பாடும்போது எதிர்வரிசை மெல்லும். எதிர்வரிசை பதில் பாடும்போது இந்த வரிசை மெல்லும். தெருவில் நின்று கேட்டால் இடைவெளியே தெரியாது. மண்டியம்மா அவ்வப்போது நேரில் சோதிக்க வருவார். வெயிலுக்குக் குடை பிடித்துத்தான் வருவார். மதில்மேல் கறுப்புக் குடை தெரிந்ததும் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பவள் இருமவேண்டும். இரண்டு வரிசையும் மென்றதை விழுங்கிவிட்டு ஒன்றாகப் பாடவேண்டும். எங்கள் கொட்டகையின் ஒழுங்கு அது.

அங்கே வந்தபிறகு அக்காவை யாரும் நோயாளியாக நடத்தவில்லை. வீட்டில் நாங்கள் அவர் எதிரில் மூச்சுவிடவே பயந்தோம். கொட்டகையில் எல்லோரையும் எப்படிக் கேலி செய்வார்களோ அப்படியே அவரையும் செய்தார்கள். அவருக்குக் 'கோலியனூரு' என்றுதான் பெயர். வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அக்காவை அப்படிக் கூப்பிடவேண்டும் என்று அஞ்சலை அக்கா பிடிவாதமாக இருந்தார். "அந்த ஊருதான் அவளை வாணாங்குது. நாம அவளை அந்த ஊருக்காரின்னு சொல்லிக்கினே இருப்போம்" என்றார்.

"ஏ கோலியனூரு, உன் பங்குக்கும் நானே பாடறேன், நீ தலையாவது ஆட்டு."

"கோலியனூருக்கு நம்ம பாட்டு புடிக்கல. கிராமபோன் வெச்சாத்தான் கேப்பா."

அக்கா எழுந்து நடந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து கூடவே நடப்பாள். தடுப்பதில்லை. ரயில்வே கேட் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். போய்வந்தவளின் குவியலில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை உடைத்துப் போட்டிருப்பார்கள். இதற்கு யாரும் முறை வைக்கவில்லை. யார் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாரோ அவளுக்கு அன்று அந்த வேலை, அவ்வளவுதான். நாளடைவில் அக்காவின் கை தானாக மல்லாட்டையை எடுத்து உடைக்கத் தொடங்கியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

மாமா சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் விழுப்புரத்தில் ரயிலேறி வந்துவிடுவார். கொட்டகை வாசலில் நின்று, "பையன் குப்புறுத்துக்கினான்" என்பார். அடுத்தமுறை, "பையன் தவழ்றான்" என்பார். சும்மா நிற்க விடுவார்களா எங்கள் பெண்கள்? அவரையும் உட்காரவைத்து மல்லாட்டை உடைக்கச் சொன்னார்கள். சட்டப்படி பாடவும் சொன்னார்கள். மாமா பாடினார். அந்தக் குரலை நான் வர்ணிக்கப்போவதில்லை, பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள்.

ஒருநாள் மண்டியம்மா சோதிக்க வந்தார். எல்லோரும் உரக்கப் பாடினோம். அக்காவை எப்போதும் ஒரு தூண் மறைவில்தான் உட்காரவைப்போம். அன்று மண்டியம்மாவின் பார்வை நேராகத் தூணுக்குப் பின்னால் போயிற்று.

"இன்னாடி அது, அந்தப் பொண்ணு வாயே தொறக்கல? துண்ணுக்கினு கீதா?"

"அது நோவாளிப் பொண்ணுங்கம்மா" என்றார் அஞ்சலை அக்கா. "சோத்தையே ஊட்டினாத்தான் துண்ணும். அது எங்கம்மா மல்லாட்டை துண்ணப்போவுது?"

"எல்லாரும் இதே கதைதான் சொல்றீங்க. வாயத் தொற பொண்ணே."

அக்கா திறக்கவில்லை. அம்மா பதறி எழுந்து ஓடினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. அம்மா மெதுவாகத் தாடையைத் தொட, அக்கா வாயைத் திறந்தார். வாய் நிறைய மென்ற பருப்பு.

"துண்ணுட்டா!" என்று அம்மா கத்தினார். "எம்பொண்ணு தானா எடுத்துத் துண்ணுட்டா!"

கொட்டகையே எழுந்துவிட்டது. பெண்கள் கைதட்டுகிறார்கள், ஒருத்தி குலவையிடுகிறாள், அம்மா அழுகிறார், அஞ்சலை அக்கா மண்டியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். திருட்டைக் கண்டுபிடித்ததற்கு இப்படியொரு கொண்டாட்டத்தை மண்டியம்மா தம் ஆயுளில் பார்த்திருக்கமாட்டார். திகைத்துப்போய் நின்றார். அப்போதுதான் அக்கா பேசினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"ஒண்ணு கசக்குது."

"எங்க மல்லாட்டையா கசக்குது?" என்று மண்டியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கீழே குனிந்து, அக்காவின் குவியலிலிருந்தே ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "அந்தப் பொண்ணு பாடவேணாம். துண்ணட்டும் உடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் திடீரென்று மனநோய் வந்துவிட்டது. எங்களையும் பாடாமல் தின்ன விடும்படி மனுப்போட்டோம். அது பலிக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அன்று வந்த சந்தோஷத்தில் ஆளாளுக்குப் பருப்பை ஊட்டி, அக்காவுக்கு வயிறு கெட்டு, இரண்டு நாள் கஞ்சியில் கிடந்தார். பிறகும் சில நாட்கள் பேசுவார், சில நாட்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த நாட்களிலும் கொட்டகைக்குக் கூட்டிப்போனோம். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பேச்சு திரும்பியது. மாமா அடுத்தமுறை வந்து, "பையன் நிக்கிறான்" என்று சொன்னபோது, அக்கா தலையை நிமிர்த்தி, "பால் யாரு குடுக்கறாங்க?" என்று கேட்டார். மாமா சிறு குழந்தைபோல் விம்மினார். "பக்கத்து வூட்டு அண்ணி குடுத்தாங்க. இப்போ ஆட்டுப்பாலும் கேப்பைக் கூழும் குடிக்கிறான்" என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு, மல்லாட்டை உடைத்தபடியே அழுதார். அவர் அழுததைப் பார்த்து நாங்கள் நிம்மதி அடைந்தோம். அதுவரை அவருக்கு அழுகைகூட வரவில்லை.

மாமா ஊருக்குப் போய்த் தம் தாயிடம் சொல்லியிருக்கிறார். மாமியார் நம்பவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் தம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமாவுடன் திண்டிவனம் வந்து இறங்கிவிட்டார். வீட்டில் யாரும் இல்லாததால் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

நல்ல வெயில். அவரும் குடை பிடித்து வந்தார். கறுப்புக் குடை.

வாசலில் இருந்தவள் இருமினாள். சட்டப்படி இரண்டு வரிசையும் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு அடித்தொண்டையில் பாடத் தொடங்கினோம். அந்த நேரத்தில் அஞ்சலை அக்காவின் வாயில் வந்த பாட்டு, அவரே இட்டுக்கட்டியது.

"மாமியாரு வெச்ச கொழம்புல மீனே இல்ல,
மீனைத் தேடிப் போன மருமவ வரவே இல்ல!"

விழுங்க முடியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்றார்கள். ஒருத்திக்குப் புரையேறியது. கதவு திறந்தது. குடையை மடக்கிக்கொண்டு நின்றவர் மண்டியம்மா அல்லர் என்று தெரிவதற்குள் பாட்டு இரண்டு சுற்று முடிந்துவிட்டது.

மாமியார் இந்த வரிசையைப் பார்த்தார். அந்த வரிசையைப் பார்த்தார். நாற்பது பெண்கள் கன்னம் உப்ப, காரணமில்லாமல், அவரைப் பார்த்துக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல யாருக்குடி நோவு?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு உயிரே போயிற்று. இத்தனை மாதப் பாடும் வீணாயிற்று என்று நான் நினைத்தேன். அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். மடியிலிருந்த தோலை உதறிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வெய்யில்ல வந்து கீறீங்களே அத்தை. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் அக்கா. பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பார்த்தார். கையை நீட்டினார். குழந்தை முகத்தைப் பாட்டியின் தோளில் புதைத்துக்கொண்டு வீறிட்டது. அக்கா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"பாத்தியா, புள்ளைக்கு மொகமே தெரியல" என்றார் மாமியார்.

"மறைச்சி வெச்சா யாரு மொகந்தான் தெரியும்?" என்றார் அஞ்சலை அக்கா. அம்மா அவர் வாயைப் பொத்தினார்.

மாமியார் தண்ணீரைக் குடித்து முடித்தார். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "தெளிஞ்சிதான் கீறா. நான் இல்லன்னு சொல்லல. வேற பொண்ணும் வாணாம், புள்ளையும் குடுத்துடறேன். ஆனா ஒண்ணு. இவகிட்ட புள்ளைய ஒருநாளும் தனியா உடக்கூடாது. அதுக்கு யாரு ஜவாப்பு?"

அஞ்சலை அக்கா அம்மாவின் கையை விலக்கிவிட்டுச் சிரித்தார்.

"தனியாவா? இன்னாங்கம்மா நீங்க! இந்தக் கொட்டாயில செத்த நேரம் தனியா இருக்கணும்னு நானும் எத்தினியோ வருசமா பாக்கறேன், ஒருத்தியும் உடமாட்டேங்கறாளுங்க!"

எல்லோரும் சிரித்தோம். மாமியாரின் வாயோரமும் கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன்.

"ஜல்தி போவணும், மாட்டைப் பாக்க ஆளில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மாமாவை மட்டும் அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் தங்கினார். தினமும் குழந்தையோடு கொட்டகைக்கு வந்தார். சும்மா உட்காரத் தெரியாதவர், அவரும் உடைத்தார். எங்களைவிட வேகமாக உடைத்தார். அவருக்குப் பாட வராது என்பதால் மண்டியம்மா அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டார் என்பது தனிக் கதை.

குழந்தையை அக்காவிடம் யாரும் திணிக்கவில்லை. வரிசையின் கடைசியில் மாமியாரின் மடியில் அது இருக்கும். அடுத்தவள் ஒரு பருப்பை நசுக்கி அதன் வாயில் வைத்துத் தன் மடிக்கு வாங்குவாள். மறுநாள் அதற்கு அடுத்த மடி. பெண்கள் யாரும் பேசிவைத்துக்கொள்ளாமலே குழந்தை மடி மாறி மடி மாறி வரிசையில் நகர்ந்து வந்தது. அக்கா தலையைக் குனிந்து உடைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் குழந்தை எந்த மடியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாத நேரம் இல்லை. ஒருநாள் அது பக்கத்து மடியிலிருந்து தானாகவே தவழ்ந்து இறங்கி, தோல் குவியலில் கையை அளைந்து, அக்காவின் முழங்காலைப் பிடித்து நின்றது. அக்கா தூக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது மடியில் ஏறி உட்கார்ந்தது. அன்று நாங்கள் யாரும் பாடவில்லை. மண்டியம்மாவும் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அறுவடைக்கு முன்பே அக்கா கோலியனூர் திரும்பினார். அதற்குப் பிறகு அங்கே அவர் வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். யுத்த காலத்தில் அரிசிக்குப் பட்ட பாடு, புயலில் கூரை போனது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, மாமாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் பிள்ளைகள் தங்கள் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

விழுப்புரம் வட்டாரத்தில் எந்த வீட்டிலாவது ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று காதில் விழுந்தால் அக்கா கிளம்பிவிடுவார். வெறுங்கையோடு போகமாட்டார். கொட்டை எடுக்காத புளியோ, ஆயாத கீரையோ ஒரு கூடை கொண்டுபோவார். "எனக்குத் தனியா பண்ண பேஜாரா கீதும்மா, உன் பக்கத்துல ஒக்காந்து பண்ணிக்கினு போறேன்" என்பார். அவளை ஒரு கேள்வி கேட்கமாட்டார். புத்தி சொல்லமாட்டார். நாள் முழுதும் தம் வீட்டுக் கதை, தெருக்கதை பேசுவார், சிரிப்பார். மறுநாளும் போவார். அக்கம்பக்கத்துப் பெண்களையும் ஒவ்வொருத்தியாக அந்த வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவார். பிற்காலத்தில் இதற்கெல்லாம் டாக்டரும் மாத்திரையும் வந்தபோது அக்கா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே பஸ்ஸில் கூட்டிப்போவார். "மாத்திரையும் குடு, கூடவும் ஒக்காரு. மாத்திரை பேசாது இல்ல?" என்பார். அப்படித் தேறிய பெண்களில் சிலர் இன்று இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது, நடக்க முடியவில்லை. ஆனால் அறையில் எப்போதும் ஆள் இருந்தது. மருமகள்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். தெருப் பெண்கள் வேலையைக் கொண்டுவந்து அங்கேயே வைத்துக்கொண்டு செய்தார்கள். ஒரு காலைநேரம், பேச்சுச் சத்தத்துக்கு நடுவில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருமகள்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், காரியங்களில் தோள்கொடுத்த கோலியனூர் மக்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். திண்டிவனம் கொட்டகையில் இருந்த பெண்களில் இன்று உயிரோடு இருப்பது நான் மட்டும்தான். அஞ்சலை அக்காவின் பேத்தி காரியத்துக்கு வந்திருந்தாள். அவளிடம் எல்லோருக்குமாக நன்றி சொன்னேன்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்லவேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை கோலியனூரிலேயே பிறந்தது. சில வாரங்களில் பழைய கலக்கம் திரும்ப வந்துவிட்டது. தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. செய்தி கிடைத்ததும் அம்மாவும் நானும் பதறியடித்துக்கொண்டு போனோம். மறுபடியும் மகளைக் கூட்டிக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று அம்மா ரயிலிலேயே அழுதுகொண்டு வந்தார். வீட்டுக்குள் போனோம். கூடம் நிறையக் கோலியனூர்ப் பெண்கள், ஆளுக்கு ஒரு முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. மடியில் பச்சைக் குழந்தை. அக்காவின் கைக்குக் கீழே தம் கையை அண்டக் கொடுத்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, மாமியார் உட்கார்ந்திருந்தார்.

அம்மா, "நான் இட்டுக்கினு போறேங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மாமியார் எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"வாணாங்க. போன வாட்டி பயத்துல புள்ளைய வாங்கி வெச்சிக்கினேன். வெச்சிக்கவேண்டியது தாயைத்தான்னு எனக்கு அப்போ தெரியல" என்றார்.

பிறகு நகர்ந்து எங்களுக்கும் இடம் விட்டார். நாங்களும் உட்கார்ந்தோம்.